கால் இல்லாத நாட்டியப் போட்டி

நாட்டியம் ஆடுவதற்குக் கால் அவசியமா என்று இதுவரை எவரும் கேட்டதில்லை என்றே நினைத்திருந்தேன். பழைய படங்களைத் துடைத்து மெருகேற்றி, ‘துல்லியமான பிரதி’ என்று விளம்பரம் செய்து நம் வீட்டுத் திரைக்கு அனுப்பிவைக்கும் மகானுபாவர்கள் அதைக் கேட்டு, அவசியமில்லை என்ற முடிவுக்கும் வந்துவிட்டார்கள். பொங்கல் விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் அந்த முடிவை நேரில் தரிசிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. படம் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’, 1958இல் எஸ்.எஸ். வாசன் இயக்கிய ஜெமினி படம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் அந்தப் போட்டி நடனத்தைப் பற்றி இதைப் படிக்கிறவர்களுக்கு நான் புதிதாக எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? சலங்கை கலீரென்று ஒலிக்கிறது, தாளம் ஏறிக்கொண்டே போகிறது, சலங்கை கட்டிய கால்களைத்தான் காணவில்லை.

எழுத்துப் போடும்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. எழுத்துப் போடுவதற்கு முன்பே இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும், விளக்கை அணைத்துவிட வேண்டும், பாட்டை ஓட்டிவிடக் கூடாது, கடைசி அட்டை விழும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றெல்லாம் எனக்குச் சில நியமங்கள் உண்டு. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இருக்கட்டும். அட்டைகளில் மேல்வரிப் பெயர்களுக்குப் புள்ளி இல்லை. புள்ளி பறிபோன மெய்யெழுத்துகள் எல்லாம் உயிர்மெய்யாகி, பரிச்சயமான பெயர்கள்கூட ஏதோ அயல்தேசத்துப் பெயர்களாக ஒலித்தன. கீழ்வரியில் இருந்தவர்களின் கதி அதைவிட மோசம். சிறு வேடக்காரர்களுக்கும் உதவியாளர்களுக்கும் கிடைக்கும் இடம் எப்போதும் அந்தக் கடைசி வரிதான். வாழ்நாளில் ஒருமுறை திரையில் வந்த பெயரைக்கூட அவர்களுக்கு விட்டுவைக்க மனமில்லை.

சரி, எழுத்துதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நடனம் வந்தது. இரு பெண்களும் பாதம் முதல் உச்சி வரை தெரிய வேண்டும் என்பதற்காகவே கேமராவைத் தள்ளி வைத்து எடுத்த காட்சிகளில், மேலே நெற்றிச்சுட்டியோடு தலை அறுந்து நிற்கிறது, கீழே கணுக்காலோடு ஆள் முடிந்துவிடுகிறது. ஒருத்தி சுழல்கிறாள், எதன்மீது சுழல்கிறாள் என்று தெரியவில்லை. மற்றவள் பதிலுக்குத் தரையைத் தட்டுகிறாள், தரை என்று ஒன்று இருப்பதை ஒலியைக் கொண்டு நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். பி.எஸ். வீரப்பா தம் புகழ்பெற்ற குரலில் ‘சபாஷ், சரியான போட்டி’ என்கிறார். அவர் நேரில் இருந்து பார்த்தவர், சொல்லலாம். போட்டி சரியானதா, யார் எந்த அடவில் யாரை மிஞ்சினார்கள் என்று சொல்ல எங்களுக்கு ஒரு வழியும் வைக்கப்படவில்லை. தொலைக்காட்சியின் அமைப்பில் ஏதோ கோளாறு என்று ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு தெரிவாக மாற்றிப் பார்த்தேன். கோளாறு பெட்டியில் இல்லை. அனுப்புகிறவர்களே வெட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள், அதற்கு மாதச் சந்தாவும் வாங்குகிறார்கள்.

இதில் உள்ள கணக்கு ஒன்றும் ராக்கெட் கணக்கு அல்ல. பேசும் படம் வந்தபோது படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கான தடம் ஓடத் தொடங்கியது. அது பிடித்துக்கொண்ட இடம் போக எஞ்சியதை வைத்து, உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற அளவை அமெரிக்கத் திரைப்பட அகாதமி 1932இல் வகுத்தது, நம் ஸ்டூடியோக்களின் கறுப்பு வெள்ளைப் படங்களும் அந்தச் சட்டத்துக்குள்தான் எடுக்கப்பட்டன. இன்றைய தொலைக்காட்சியின் அகலமோ 1.78. பழைய படத்தை அதில் உள்ளபடி காட்டினால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். விழட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பட்டை விழக் கூடாது என்று அடம்பிடித்தால் இரண்டே வழிகள்தான் மிஞ்சுகின்றன. படத்தைப் பக்கவாட்டில் இழுக்கலாம், இழுத்தால் நடிகர்கள் அத்தனை பேரும் 30 சதவீதம் பருத்துப்போவார்கள், நிலா முட்டையாகிவிடும். அல்லது மேலும் கீழும் வெட்டலாம், வெட்டினால் படத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு குப்பைக்குப் போகும். பீரோவில் அடங்கவில்லை என்பதற்காகக் காஞ்சிப் பட்டின் கரையைக் கத்தரித்து எறிகிறவர்களை நாம் எந்த மருத்துவரிடம் அழைத்துப் போவோம்? படத்துக்கு அதைச் செய்தால் மட்டும் ‘மெருகேற்றம்’ என்று பெயர் சூட்டுகிறார்கள். தலைக்கு மேல் எவ்வளவு வெளி விடுவது, பாதத்துக்குக் கீழே தரை எவ்வளவு தெரிய வேண்டும் என்று வியூபைண்டரில் கண்ணை வைத்து, கொதிக்கும் விளக்குகளுக்கு நடுவே நின்று தீர்மானித்த ஒளிப்பதிவாளரின் வேலையை, ‘திரையை நிரப்பு’ என்ற ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போன ஒருவர் திருத்தி எழுதியிருக்கிறார். வெட்டிய பிறகு ஒருமுறையாவது படத்தைப் போட்டுப் பார்த்திருப்பாரா என்று கேட்டால் அது பேராசை.

இந்தக் கத்தி புதியதும் அல்ல. ஹாலிவுட்டில் 1953இல் வந்த சினிமாஸ்கோப் தமிழுக்கு 1973இல் ‘ராஜராஜ சோழன்’ வழியாக வந்து சேர்ந்தது. அகலம் 2.35 கொண்ட அப்படிப்பட்ட படங்களைப் பழைய டப்பா டிவியில் போட்டபோது பக்கவாட்டில் வெட்டினார்கள். அகலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் காணாமல் போய், எதிரெதிரே நின்று பேசிய இருவரின் மூக்குகள் மட்டும் திரையின் இரு ஓரங்களிலும் உரையாடிக்கொண்டிருந்தன. திரை அகலமானால் இந்தத் துன்பம் தீரும் என்று காத்திருந்தோம், திரையும் அகலமானது, இப்போது மேலும் கீழும் வெட்டுகிறார்கள். கைபேசிக்காக நெட்டுக்குத்தாக வெட்டிய துணுக்குகளில் இதே நடனத்தைப் பார்த்தேன். அந்தச் சட்டத்துக்குள் ஒருவர்தான் அடங்குவார் என்பதால், போட்டியாளர் இன்றித் தனியாகப் போட்டியிடும் வைஜயந்திமாலாவைக் கண்டு பாக்கியசாலியானேன்.

சரி, அன்றைக்கு நடந்ததை முடித்துவிடுகிறேன். மங்கலாக இருந்தாலும் முழுச் சட்டத்தோடு ஒரு பழைய பிரதி இணையத்தில் கிடைத்தது. போட்டேன். பாதங்கள் வந்தன, தரை வந்தது, உச்சிப்பூ வந்தது, இருபுறமும் எனக்கு மிகவும் பிடித்த அந்தக் கறுப்புப் பட்டைகளும் வந்தன. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் தங்கையின் கணவர் உள்ளே வந்தார். 55 அங்குலத் தொலைக்காட்சியைத் தவணையில் வாங்கி, அதன் பாதுகாப்பு ஒட்டுத்தாளைக்கூட இன்னும் உரிக்காமல் வைத்திருப்பவர். “என்ன மச்சான், ரெண்டு பக்கமும் இவ்வளவு இடம் வீணாப் போகுதே” என்றார். படத்தின் அளவே அதுதான் மாப்பிள்ளை என்று பணிவாகச் சொன்னேன். அகாதமியைச் சொன்னேன், ஒலித்தடத்தைச் சொன்னேன், 1932ஐயும் சொன்னேன். மிகுந்த மரியாதையுடன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த ரிமோட்டை அதே மரியாதையுடன் வாங்கி, ‘ஜூம்’ என்பதை அமுக்கி, “இப்பப் பாருங்க, டிவி முழுக்க வருது” என்று எனக்குப் பரிசளித்தார். கால்கள் மறுபடியும் போயின. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன்; மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தினால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கு அந்தப் பேச்சு ஓடும். மீதிப் படத்தை இடுப்புக்கு மேலும் புருவத்துக்குக் கீழுமாகப் பார்த்து முடித்தேன். இடைவேளையில் தங்கை கொண்டுவந்த காபியை மட்டும் யாரும் வெட்டவில்லை.

மறுநாள் விருந்துக்கு வந்திருந்த உறவினர்களுக்குத் தம் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினார் மாப்பிள்ளை. கேசட்டில் இருந்ததை ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்து அண்மையில்தான் பென்டிரைவில் ஏற்றியிருந்தார். முதல் நாள் அமுக்கிய ‘ஜூம்’ அப்படியே இருந்தது. தாலி கட்டும்போது பின்னால் நின்ற அவருடைய அப்பா, ஊரிலேயே உயரமானவர், கழுத்தோடு நின்றார். அம்மி மிதிக்கும் கட்டம் வந்தது, அம்மியையும் காணோம், மிதித்த காலையும் காணோம்; மாப்பிள்ளை குனிந்து எதையோ தேடிக்கொண்டிருப்பது மட்டும் வெகுநேரம் ஓடியது. “மெட்டி எங்கே போடறாங்க?” என்று ஓர் அத்தை அப்பாவியாகக் கேட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு வந்த கோபம் இருக்கிறதே! அந்த ஸ்டூடியோக்காரரைக் கைபேசியில் பிடித்து, எடுத்தவன் அறிவோடு எடுத்ததை வெட்டுவதற்கு நீ யார், தலை எங்கே, கால் எங்கே, போட்டுப் பார்த்துக் கொடுக்க மாட்டாயா என்று அவர் வாங்கிய வாங்கு இருக்கிறதே, நான் முதல் நாள் இரவு முழுக்கப் படுக்கையில் புரண்டபடி மனத்துக்குள் பேசிய அத்தனை வசனமும் ஒரு வரி பிசகாமல் அவர் வாயிலிருந்து வந்தது. அந்தப் பாவப்பட்ட மனிதர்மீது ஒரு தவறும் இல்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வசனங்களை உரத்த குரலில் கேட்கும் சுகத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் பேசி ஓய்ந்ததும் ரிமோட்டை வாங்கிச் சரிசெய்தேன். அவருடைய அப்பாவுக்குத் தலை முளைத்தது, அம்மி வந்தது, மெட்டியும் வந்தது, கூடத்தில் ஒரே கைதட்டல். மாப்பிள்ளையும் மனம் குளிர்ந்து இரண்டு நிமிடம் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார்: “எல்லாம் சரிதான் மச்சான், இந்த ரெண்டு பக்கத்துக் கறுப்பை மட்டும் எடுக்க முடியாதுங்களா?” எனக்கு வந்த சிரிப்பில் புரையேறி, தங்கை ஓடிவந்து தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.