ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு பிரதர். எல்லாம் நீங்க ஜெபிச்சதுதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் ஜெபிக்கவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் "கண்டிப்பா ஜெபத்துல நினைச்சுக்கிறேன்" என்று சொன்னேன், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன், அதோடு சரி.

ஏமாற்ற நினைத்துச் சொன்னதில்லை. அதனாலேயே இதையெல்லாம் நாம் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

உண்மையாயிருக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டால் நமக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். திருமணத்தில் துரோகம் செய்யக் கூடாது, அடுத்தவர் பணத்தில் கை வைக்கக் கூடாது. இரண்டும் செய்யாதவன் நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம். நானும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கலாத்தியர் 5:22-ல் ஆவியின் கனியை, அதாவது பரிசுத்த ஆவி நமக்குள் விளைவிக்கும் குணங்களைச் சொல்லும் இடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம்' என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது 'பிஸ்டிஸ்'. நம்புவதற்கும் அந்தச் சொல்தான், நம்பத்தக்கவனாய் இருப்பதற்கும் அதே சொல்தான். தயவு, நற்குணம், சாந்தம் என்று பக்கத்தில் நிற்பவற்றைப் பார்த்தால் இரண்டாவது அர்த்தமே அங்கே பொருந்துகிறது என்பது என் எண்ணம். நாமோ முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, என் விசுவாசம் பெரிதா சிறிதா என்று அளந்துகொண்டிருக்கிறோம். என்னை நம்பி ஒருவர் ஒரு காரியத்தை ஒப்படைக்கலாமா என்று யாரும் அளப்பதில்லை.

பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் இந்த நம்பத்தக்க தன்மைக்கு 'எமுனா' என்று பெயர். 'ஆமென்' பிறந்த அதே வேர். வேதத்தில் இந்தச் சொல் முதலில் வருவது எங்கே தெரியுமா? யாத்திராகமம் 17:12-ல், ஒரு கிழவரின் கைகளைப் பற்றிப் பேசும்போது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே கையை உயர்த்தினால் இஸ்ரவேல் மேற்கொள்கிறது, தாழவிட்டால் அமலேக்கு. கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அந்தக் கைகள் "ஒரே நிலையாயிருந்தது" என்கிறது வசனம். அந்த 'ஒரே நிலை'தான் எமுனா. அதுவும் மோசே தனியாகச் சாதித்ததில்லை. கை வலித்தபோது இரண்டு பேர் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

வீட்டுக்கு வெளியே நாம் இதில் ஓரளவு தேறிவிடுவோம். ஆபீஸில் பத்து மணி மீட்டிங் என்றால் ஒன்பதே முக்காலுக்கே போய் உட்காருகிறவன், மனைவியிடம் "இதோ அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் போனை நோண்டுகிறான். பிள்ளையிடம் "சனிக்கிழமை கண்டிப்பா" என்கிறான். எந்தச் சனிக்கிழமை என்று பிள்ளை இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்பதை நிறுத்திவிட்டது என்பதைக்கூட அவன் கவனிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடி வாங்கும் பெண்ணிடம் போய் "உண்மையாயிரு, பொறுத்துக்கொள்" என்று உபதேசம் செய்வதும், தவறு செய்த ஊழியரை மூடி மறைப்பதை விசுவாசம் என்று சொல்வதும் இந்தக் கணக்கில் வராது. "சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவைகள்" என்று நீதிமொழிகள் 27:6 சொல்வது முகத்துக்கு நேரே பேசுகிறவனை.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால் அங்கேயே, நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் ஜெபித்துவிடுகிறேன். பின்னால் வண்டி ஹாரன் அடித்தாலும் சரி. முடியாது என்றால் "நினைச்சுக்கிறேன்" என்று சொல்லுவதில்லை. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தச் சகோதரரிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "உங்க பையன் பரீட்சை எப்படி எழுதுனான் பிரதர்?" என்றார்.

அந்தப் பரீட்சைக்காக ஜெபிக்கச் சொல்லி நான் அவரைக் கேட்டிருந்தேன். ரிசல்ட் வந்தே நாலு மாதம் ஆகியிருந்தது.