கிளர்ச்சிப் படைக்கு 'வெறி +2' போட்டால் போதுமா?

மத்தியகால மதக் கிளர்ச்சிப் படை என்றாலே போர் விளையாட்டு வடிவமைப்பவர்கள் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். விலை மலிவு. உடம்பில் கவசம் கிடையாது. கையில் கவைக்கம்பும் கோடாரியும். மொரால், அதாவது மன உறுதி, மட்டும் உச்சத்தில் இருக்கும். எதிரியைக் கண்டால் ஆட்டக்காரர் சொல்லாமலே பாய்ந்துவிடும். முதல் மோதலில் தாங்கினால் தாங்கியது, இல்லாவிட்டால் கலைந்து ஓடிவிடும். மேசை விளையாட்டிலும் இதுதான், கம்ப்யூட்டர் விளையாட்டிலும் இதுதான். நாட்டில் அதிருப்தி கூடினால் வரைபடத்தில் திடீரென முளைக்கும் ஒரு கும்பல், அரசன் படையை அனுப்பித் துடைத்துப் போட வேண்டிய தொல்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வார இறுதிகளில் நண்பர்களோடு சேர்ந்து ஹுஸ்ஸைட் போர்களை வைத்து ஒரு ஹெக்ஸ் விளையாட்டு (அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தில் ஆடுவது) வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்த அன்றே ஒரு நண்பன் கேட்டான்: "மதவெறிக் கூட்டம்தானே மச்சி, அட்டாக்குக்கு ரெண்டு கூட்டிப் போடு, டிஃபென்ஸ்ல ஒண்ணு குறைச்சிடு, முடிஞ்சுது." அவனுக்குச் சொன்ன பதில் நீண்டுகொண்டே போனதால்தான் இந்தப் பதிவு.

பின்னணி தெரியாதவர்களுக்கு: இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில் யான் ஹுஸ் என்ற பாதிரியார் திருச்சபையின் சொத்தாசையையும் ஊழலையும் எதிர்த்துப் பேசினார். பாதுகாப்பு உறுதிமொழி கொடுத்துத்தான் சிகிஸ்முண்ட் மன்னர் அவரைக் கான்ஸ்டன்ஸில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு வரவழைத்தார். அங்கே 1415 ஜூலை 6 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள். அவர் வழி நின்றவர்கள்தான் ஹுஸ்ஸைட்டுகள். நான்கு வருடம் ஊர் கொதித்தது. 1419 ஜூலை 30 அன்று யான் ஜெலிவ்ஸ்கி என்ற பிரசங்கியார் நடத்திவந்த ஊர்வலம் பிராக் நகர மன்றத்துக்குள் புகுந்து, உறுப்பினர்களை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தது. மூன்று வாரத்துக்குள் பொஹீமிய மன்னர் வென்செஸ்லாஸ் இறந்துபோக, வாரிசாக வந்து நின்றவர் அவருடைய தம்பி, அதே சிகிஸ்முண்ட். 1420 மார்ச்சில் பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் சிலுவைப்போர் அறிவித்தார். அதற்குப் பின் 1431 வரை வரிசையாக ஐந்து சிலுவைப்போர்கள் வந்தன. ஐந்தும் தோற்றன.

'கலைந்து ஓடும் கும்பல்' ஐந்து முறை ஜெயிக்காது. அப்படியானால் உள்ளே வேறு ஏதோ நடந்திருக்கிறது. அதை விளையாட்டில் எங்கே வைப்பது என்பதுதான் வடிவமைப்பவரின் வேலை. என் கட்சி இதுதான்: நம்பிக்கையைச் சண்டைப் பகடையில் வைக்கக் கூடாது. சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே உள்ள நாட்களில் வைக்க வேண்டும்.

ஹுஸ்ஸைட்டுகளின் போர் வண்டியிலிருந்து தொடங்குகிறேன், எல்லாருக்கும் பிடித்தது அதுதான். 1420 மார்ச் 25, சுதோமேர். பில்சனிலிருந்து, தீவிர ஹுஸ்ஸைட்டுகள் புதிதாக அமைத்த தாபோர் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சுமார் நானூறு பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. பன்னிரண்டு வண்டிகள். எதிரே ஏறக்குறைய ஐந்து மடங்கு குதிரைப்படை. தலைவர் யான் ஷிஷ்கா, ஏற்கெனவே ஒரு கண் போனவர், இளைஞரும் இல்லை. வற்றிய மீன்குளம் ஒன்றின் கரையில் வண்டிகளை நிறுத்தினார். சேற்றில் குதிரை இறங்காது என்பதால் பிரபுக்கள் கனத்த கவசத்தோடு இறங்கி நடந்து வர வேண்டியதாயிற்று. பெண்கள் தலைத்துணிகளைச் சேற்றில் விரித்துப் போட்டு வீரர்களின் குதிமுள்ளைச் சிக்கவைத்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. உண்மையோ பொய்யோ, என் விளையாட்டில் அதற்கு ஒரு கார்டு இருக்கிறது; அந்த ஆசையை என்னால் விட முடியவில்லை.

இதை எத்தனை விளையாட்டுகள் 'மத்தியகால டாங்க்' என்று காட்டுகின்றன பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2021-இல் வந்த டான் ஆஃப் த டியூக்ஸ் விரிவாக்கத்தில் பொஹீமியர்களுக்கு ஹுஸ்ஸைட் வண்டி உண்டு. பின்னால் நிற்பவர்களுக்கு அது கேடயமாகும் என்பது நல்ல யோசனை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கே ஒற்றை வண்டி தனியாக உருண்டு வந்து சுடும். நிஜத்தில் ஒற்றை வண்டிக்கு ஒரு மதிப்பும் கிடையாது. சக்கரத்தோடு சக்கரத்தைச் சங்கிலியால் பிணைத்து, நடுவே கேடயப் பலகைகள் வைத்து, இடைவெளியில் பீரங்கி நிறுத்தி, முழுக் கோட்டையாக மாறிய பிறகுதான் அது ஆயுதம். மாறிய பிறகு நகராது. மாறுவதற்கு நேரம் வேண்டும், மேடு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரி தானே வந்து முட்ட வேண்டும்.

ஒரு வண்டியில் யார் யார் என்று பட்டியலே இருக்கிறது. பிற்கால ஒழுங்குமுறை ஒன்றின்படி ஏறக்குறைய இருபது பேர்: ஆயுதம் ஏந்திய ஓட்டுநர் இருவர், கைத்துப்பாக்கிக்காரர் இருவர், குறுக்குவில்காரர் ஆறு பேர், கதிரடிக்கும் தடிக்கு இரும்பு முள் வைத்துத் தூக்கியவர் நால்வர், நீளக் கோடாரி ஈட்டிக்காரர் நால்வர், கேடயக்காரர் இருவர். இப்போது சொல்லுங்கள், இது கும்பலா? ஒவ்வொருவருக்கும் இடம் குறித்திருக்கிறது. எப்போது சுடுவது, எப்போது இடைவெளியைத் திறந்து தடிக்காரர்களை வெளியே விடுவது என்பதற்கெல்லாம் பழக்கம் வேண்டும். கதிர் அறுத்தவனையும் செருப்புத் தைத்தவனையும் சில மாதங்களில் இந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது எது?

அந்த இடத்தில்தான் மதம் வருகிறது. 1423-இல் ஷிஷ்காவின் பெயரில் ஒரு படை ஒழுங்குமுறை வெளிவந்தது. புறப்படும் முன் மண்டியிட்டு ஜெபம். அவரவர் அணியோடுதான் நடக்க வேண்டும். உத்தரவு இல்லாமல் எங்கும் தீ வைக்கக் கூடாது. கொள்ளைப் பொருள் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும். அதற்கென்று தேர்ந்தெடுத்தவர்கள்தான் ஏழை பணக்காரன் பார்க்காமல் பங்கு பிரிப்பார்கள். மீறினால் பிரபுவாக இருந்தாலும் விவசாயியாக இருந்தாலும் தண்டனை ஒன்றே. கூலிப்படைக்காரனுக்கு இப்படி ஒரு சட்டத்தைக் காட்டினால் மறுநாள் முகாமில் இருக்க மாட்டான். இவர்கள் இருந்தார்கள். 'கடவுளின் சட்டம்' என்று நம்பியதால் இருந்தார்கள். ஆக, நம்பிக்கை இவர்களுக்குக் கொடுத்தது கட்டுப்பாடு. விளையாட்டுகளோ கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு வெறியைக் கொடுக்கின்றன.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1420 ஜூலை 14, பிராக் அருகே வீட்கோவ் குன்று, ஹுஸ்ஸைட்டுகள் மேல் வந்த முதல் சிலுவைப்போரின் பெரிய மோதல். அங்கே மண்ணும் மரமும் கொண்டு எழுப்பிய சின்னக் காவல் அரண்களில் நின்றவர்களில் பெண்களும் இருந்ததை அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் பிரெசோவாவின் லாரன்ஸ் எழுதிவைத்திருக்கிறார். அதில் ஒருத்தி, உண்மையான கிறிஸ்தவர் அந்திக்கிறிஸ்துவுக்குப் பின்வாங்கக் கூடாது என்று சொல்லி அங்கேயே நின்று செத்தாள். நல்ல மொரால் என்றால் இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் பாயவில்லை. இடத்தை விட்டு நகரவில்லை. இந்த வேறுபாட்டை விதிகளில் எழுதாமல் விட்டால் ஹுஸ்ஸைட் படை என்ற பெயரில் வேறு யாரையோ ஆடவைத்துக்கொண்டிருப்போம்.

பயம் என்ற எண்ணை எதிர்ப்பக்கத்தில்தான் போட வேண்டும். 1431 ஆகஸ்ட் 14, டோமாஷ்லிட்சே. ஹுஸ்ஸைட்டுகள் பாடிக்கொண்டே வரும் சத்தத்தைக் கேட்டே சிலுவைப்போர்ப் படை ஓடியது என்பார்கள். பாட்டு மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனால் படை நொறுங்கியது நிஜம்; பாப்பரசரின் பிரதிநிதியாக வந்த கர்தினால் செசரினி ஆணைப் பத்திரத்தையும் சொந்த உடைமைகளையும் போட்டுவிட்டுத் தப்பினார். எங்கள் விதியில் ஹுஸ்ஸைட்டுக்கு மொரால் கூட்டல் எதுவும் இல்லை. அவர்கள் ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் சிலுவைப்போர் ஆட்டக்காரரின் மொரால் நிரந்தரமாக ஒன்று இறங்கும். நான்கு தோல்விக்குப் பிறகு சண்டை போடாமலே ஓடக்கூடிய நிலைக்கு அவர் தானாக வந்து சேர்வார்.

அடுத்தது காசு. தாபோருக்கு வந்தவர்கள் வீடு வாசலை விற்றுப் பணத்தைப் பொதுத் தொட்டிகளில் போட்டார்கள். உலகம் முடியப்போகிறது என்று நம்பியவர்களுக்குச் சேமிப்பு எதற்கு? உலகம் முடியவில்லை. தொட்டி காலியானது. 1420 இலையுதிர் காலத்திலேயே, யாரை விடுவிப்பதாகச் சொன்னார்களோ அந்த விவசாயிகளிடமே தாபோர் வரி வசூலிக்க ஆரம்பித்துவிட்டது. இதைப் படித்தபோது ஒரு வடிவமைப்பாளனாக எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இதைவிட நல்ல பொருளாதார விதியை நானாக யோசித்திருக்க மாட்டேன். முதல் டர்னில் கொட்டும் பணம், பிறகு வறட்சி, பிறகு இரண்டே வழி. விவசாயியைப் பிழிந்து சொந்த ஆதரவை இழக்கலாம், அல்லது எல்லை தாண்டிக் கொள்ளைக்குப் போகலாம். 1420-களின் கடைசியில் அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். சைலீசியா, சாக்சனி, ஆஸ்திரியா என்று வண்டிகள் போயின. 1433-இல் பால்டிக் கடற்கரை வரைக்கும் போனார்கள். கொள்ளையில் வாழும் படைக்குச் சமாதானம் வேலையிழப்பு. இந்தப் பக்கத்தையும் அழுக்கோடுதான் காட்ட வேண்டும். ஹுஸ்ஸைட்டுகளை வெறும் மக்கள் வீரர்களாக வரைந்து முடிக்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

அதைவிடப் பெரிய விஷயம் பிளவு. எல்லா அணிகளுக்கும் பொதுவாக 'பிராக் நகரின் நான்கு விதிகள்' இருந்தன: தடையில்லாப் பிரசங்கம், நற்கருணையில் பொதுமக்களுக்கும் அப்பத்தோடு கிண்ணத்துத் திராட்சை ரசம், குருமார்களுக்குச் சொத்து கூடாது, பெரும் பாவங்களுக்குப் பாரபட்சமற்ற தண்டனை. அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கடவுள் கணக்கு. ஆதாமியர் என்ற தீவிரக் குழுவை 1421-இல் ஷிஷ்காவே எரித்து ஒழித்தார். ஊர்வலம் நடத்திய அந்த ஜெலிவ்ஸ்கியின் தலையை 1422 மார்ச்சில் பிராக் நகர மன்றமே வெட்டியது. 1424 ஜூனில் மலேஷோவில், அப்போது இரு கண்ணும் போயிருந்த ஷிஷ்கா, பிராக் ஹுஸ்ஸைட்டுகள் மேல் கல் ஏற்றிய வண்டிகளைச் சரிவில் உருட்டிவிட்டு ஜெயித்தார். அதே வருடம் அக்டோபரில் அவர் இறந்ததும் அவருடைய ஆட்கள் தங்களை 'அநாதைகள்' என்று அழைத்துக்கொண்டு தனி அணியானார்கள்.

ஆனால் ஒவ்வொரு முறை எல்லையில் சிலுவைப்போர் கொடி தெரிந்தபோதும் இவர்கள் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். அதனால் எங்கள் விளையாட்டில் ஹுஸ்ஸைட் பக்கத்தை ஒரே ஆளிடம் கொடுப்பதில்லை. தாபோர், அநாதைகள், பிராக் என்று மூன்று பேர் ஆடுகிறார்கள். வரைபடத்தில் சிலுவைப்படை இருக்கும்வரை ஒருவரை ஒருவர் தாக்க முடியாது. அது போய்விட்டால் தாக்கலாம், பெரும்பாலும் தாக்குவார்கள். கத்தோலிக்கப் பக்கம் ஆடுகிறவர் பெரிய படை கையில் இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் கை துறுதுறுக்க உள்ளே நுழைந்து, தன் எதிரிகளைத் தானே ஒட்டவைத்துவிட்டு அடி வாங்கிப் போவார். நிஜத்தில் திருச்சபைக்கே இது புரிய 1431 வரை ஆயிற்று. அப்புறம்தான் பாசெல் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு ஹுஸ்ஸைட்டுகளைப் பேச அழைத்தார்கள். கிண்ணத்தைக் கொடுத்தால் போதும் என்றிருந்த மிதவாதப் பிரபுக்கள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

1434 மே 30, லிபானி. இரண்டு பக்கமும் வண்டிக்கோட்டை. எதிர்ப்பக்கத்தில் கத்தோலிக்கர்களோடு மிதவாத ஹுஸ்ஸைட்டுகளும் நின்றார்கள், அதாவது இந்த வித்தையை உள்ளிருந்தே அறிந்தவர்கள். அவர்கள் பின்வாங்குவதுபோல் நடித்தார்கள். தாபோர்க்காரர்கள் கோட்டையைத் திறந்து துரத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். மறைந்திருந்த குதிரைப்படை புகுந்தது. பாதிரியாராக இருந்து தளபதியான பெரிய புரோகோப் அங்கேயே செத்தார். இதற்கும் 'வெறியால் பாய்ந்தார்கள்' என்ற விளக்கம் எளிதாகக் கிடைக்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினான்கு வருடம் இதே காட்சி இப்படித்தான் முடிந்தது: எதிரி முட்டினான், உடைந்தான், இவர்கள் வெளியே போய் முடித்தார்கள். வெற்றியின் பழக்கம்தான் அவர்களை வெளியே இழுத்தது. ஆகவே கட்டாயப் பாய்ச்சல் விதி லிபானிக்கும் கிடையாது. எதிரி பின்வாங்கும்போது அது நடிப்பா நிஜமா என்பது கவிழ்த்த கார்டில் இருக்கும். துரத்துவதா வேண்டாமா என்பதை ஆட்டக்காரர்தான் சொல்ல வேண்டும்.

வெறும் வண்டி இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஜெர்மன் விவசாயக் கிளர்ச்சியில் 1525 மே 15 அன்று நடந்த ஃபிராங்கன்ஹவுசன் போரைக் காட்டுவேன். பிரசங்கியார் தாமஸ் முன்ட்சரின் விவசாயிகளிடமும் வண்டிக்கோட்டை இருந்தது, நம்பிக்கையும் குறைவில்லாமல் இருந்தது. ஷிஷ்கா செய்த மாதிரியான பயிற்சியும் அமைப்பும் இல்லை. ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டார்கள். 'வெறி +2' விதி யாருக்காவது பொருந்தும் என்றால் இவர்களுக்குத்தான், அங்கேயும் முழுசாகப் பொருந்தவில்லை.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. 1436-இல் கையெழுத்தான உடன்படிக்கையில் மிதவாதிகளுக்குக் கிண்ணம் கிடைத்தது, சிகிஸ்முண்டுக்கு மகுடம் கிடைத்தது. தாபோருக்கு ஒன்றும் இல்லை. தாபோர் ஆடும் நண்பன் ஒவ்வொரு ஆட்டத்திலும் "அப்போ நான் எப்படிடா ஜெயிக்கிறது?" என்று கேட்கிறான். இப்போதைக்கு அவனுக்கு நாங்கள் வைத்திருப்பது இவ்வளவுதான்: கடைசி டர்னில் படை கலையாமல் இருந்து, பொதுத் தொட்டியில் ஒரு காசாவது மிஞ்சி, விவசாயிகள் ஆதரவு பாதிக்குக் கீழே போகாமல் இருந்தால் வெற்றி. இதுவரை ஒருமுறைகூட மூன்றும் சேர்ந்து அமையவில்லை. ரொம்பக் கடினம் என்கிறான். குறைக்கலாமா என்று மற்ற இருவரும் கேட்கிறார்கள். நான் குறைக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.