ஒன்பது மணி அலாரம்

ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போனில் அலாரம் அடிக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு வீட்டில் கொடுக்கும் மெர்காப்டோபூரின் மாத்திரையை ஒருநாளும் மறந்துவிடக் கூடாது என்று வைத்தது. பையன் போய் ஏழு மாதம் ஆகிறது, இன்னும் அடிக்கிறது. எடுத்துப் பார்ப்பாள், நிறுத்துவாள், மறுநாளும் அடிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். அதை அழிக்கச் சொல்லி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெரியவர்கள் இறந்தால் பதினாறு நாள் வீடு நிறைந்திருக்கும். சின்னப் பிள்ளை என்று மூன்றாம் நாளே காரியத்தை முடித்துவிட்டார்கள். அதோடு சரி, மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் ஒருத்தரும் அவன் பெயரை எடுப்பதில்லை. எடுத்தால் அக்கா அழுதுவிடுவாளாம். அழட்டுமே! அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் ஏங்குகிறாள். "வயசு இருக்கு, இன்னொன்னு பெத்துக்கலாம்" என்றார் ஒரு பெரியம்மா, ஆறுதல் என்று நினைத்துத்தான். அன்றைக்கு முழுக்க அக்கா சாப்பிடவில்லை. மாமாவிடம் எல்லோரும் கேட்பது "அக்கா எப்படி இருக்கா?" மட்டும்தான், மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு லோடு அடித்துவிட்டு வண்டிக்குள்ளேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும் மனுஷனை யார் கேட்பது?

இரண்டரை வருஷம் ஆஸ்பத்திரி வார்டுதான் அவளுக்கு ஊர். "கவுண்ட் எவ்வளவு?", "பிளேட்லெட் ஏறுச்சா?" என்று பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுக்கொண்ட அம்மாக்கள்தான் சொந்தம். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளாகவே வெளியே வந்துவிட்டாள், "என்னைப் பார்த்தா மத்தவங்க பயப்படுவாங்கடா" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அதற்கப்புறம் ஒரு போன்கூட இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை ஒரு மாதம் கழித்தாவது கூப்பிட்டுப் பேசுவதும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் மகன்களை இழந்த இரண்டு குடும்பங்கள் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டதைப் பார்த்த அங்கிருந்த இளம் பாதிரியார், தன்னால் கொடுக்க முடியாத ஆறுதல் அது என்று புரிந்துகொண்டார். 1969-இல் அப்படித் தொடங்கியதுதான் 'தி கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமைப்பு. பிள்ளையை இழந்த பெற்றோரே பெற்றோருக்குத் துணை. கட்டடம், மேடை எதுவும் வேண்டாம், உட்கார ஓர் இடம் போதும்.

ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் கிடந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில் உட்காரலாம். பிள்ளையின் போட்டோ கொண்டு வாருங்கள். அக்கா வருகிறேன் என்றிருக்கிறாள். மாமா இன்னும் சொல்லவில்லை, ஆனால் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.