ஒரு லட்சம் டாலரை வேண்டாம் என்ற ஆளுநர்

பெரிய கம்பெனியை நடத்தியவர் தேர்தலில் நின்றாலே "அதை நடத்தியவருக்கு மாநிலத்தை நடத்தத் தெரியாதா?" என்று கேட்கிறோம். எவ்வளவு சம்பாதித்தார் என்பதையே தகுதியாக வைத்துப் பேசுகிறோம். அவர் எதையெல்லாம் வேண்டாம் என்றார் என்று யாரும் கேட்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்படிப் பார்த்தால் ஜார்ஜ் ராம்னி மாதிரி ஆட்கள் ரொம்பக் குறைவு.

2012 ஜனாதிபதி தேர்தலில் ஒபாமாவிடம் தோற்ற மிட் ராம்னியின் அப்பா. 1907-ல் மெக்சிகோவில் பிறந்தவர். அங்கே புரட்சி வெடித்ததும் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு ஓடி வந்தது. கல்லூரிப் பட்டம் கிடையாது. 1954-ல் நாஷ், ஹட்சன் என்ற இரண்டு கார் கம்பெனிகளும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் உருவான சில மாதங்களிலேயே அதன் தலைவர் இறந்துபோக, நஷ்டத்தில் தள்ளாடிய கம்பெனி ராம்னி கைக்கு வந்தது. தன் சம்பளத்தையும் மற்ற நிர்வாகிகள் சம்பளத்தையும் குறைத்தார். மிச்சிகன் மாநிலத்தின் கார் நகரமான டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் காரை வருஷத்துக்கு வருஷம் நீளமாக்கிக்கொண்டிருந்தபோது, அவற்றைப் பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். சின்ன ராம்ப்ளர் காரையே முழுதாக நம்பினார். 1958 மந்தநிலையில் அந்தக் கம்பெனி லாபம் பார்த்தது. 1960-ல் ஒரு லட்சம் டாலர் போனஸ் தேடி வந்தது. ஒரு நிர்வாகிக்கு வருஷத்துக்கு 2,25,000 டாலருக்கு மேல் எதற்கு என்று மறுத்துவிட்டார்.

1962-ல் மிச்சிகன் மக்கள் அவரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். 14 வருஷம் ஜனநாயகக் கட்சி வைத்திருந்த பதவி அது. மாநிலத்துக்கு வருமான வரி வேண்டும் என்று 1963-லேயே கேட்டார், சட்டமன்றம் தள்ளிவிட்டது. விடாமல் முயன்று 1967-ல் நிறைவேற்றினார். குடியரசுக் கட்சிக்காரர், அதுவும் தொழிலதிபர், வரி போட நின்றார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மறுத்த பணக்காரப் புறநகர் குரோஸ் பாயின்ட். 1963-ல் அங்கே நடந்த கண்டன ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தார். அடுத்த வருஷம் அவர் சார்ந்திருந்த மார்மன் என்ற மதப் பிரிவின் திருச்சபைத் தலைவர்களில் ஒருவரே, இந்த விஷயத்தில் வேகத்தைக் குறையுங்கள் என்று கடிதம் எழுதினார். ராம்னி கேட்கவில்லை. சொந்த மதத்தின் பெரியவரை மீறுவது போனஸை மறுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

குறை இல்லாத ஆட்சி என்று சொல்ல மாட்டேன். 1967 ஜூலைக் கலவரத்தில் டெட்ராய்ட்டில் 43 பேர் இறந்தார்கள். மத்திய அரசின் ராணுவத்தை அனுப்பச் சொல்லும் கோரிக்கையில் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்பதை வைத்து அவரும் ஜனாதிபதி ஜான்சனும் மல்லுக்கட்டியதில் பொன்னான நேரம் போனது. அப்புறம், வியட்நாமுக்குப் போனபோது அங்கிருந்த அமெரிக்கத் தளபதிகள் போரை ஆதரிக்கும்படி தன்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று டிவியில் வெளிப்படையாகச் சொன்னார், ஜனாதிபதி கனவு அதோடு முடிந்தது. போர் தவறு என்று அவர் சொன்னதை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிக்சன் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறைக்குப் போன பிறகும், வெள்ளையர் புறநகர்களைக் கறுப்பின மக்களுக்கும் திறந்துவிடும் திட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தார். 1970-ல் டெட்ராய்ட் பக்கத்திலுள்ள வாரன் நகரில் கூட்டம் அவரைச் சூழ்ந்து கத்தியது, போலீஸ் பாதுகாப்போடுதான் வெளியே வந்தார். அந்தத் திட்டத்தை நிறுத்தியது நிக்சன்தான்.