பெசாக் பண்டிகையில் அரிசி விலக்கா?

பெசாக் என்னும் பஸ்கா நாட்களில் யூதர்கள் அரிசியே தொடமாட்டார்கள் என்று இந்தப் பண்டிகை பற்றிய கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அது எல்லோருக்கும் பொருந்தாது. யூதர்களின் வேதம் தடுப்பது கோதுமை, பார்லி, ஓட்ஸ் முதலான ஐந்து தானியங்களில் புளித்துப்போனதைத்தான். அரிசி, மக்காச்சோளம், பருப்பு வகைகளை ஒதுக்குவது ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களிடம் பிற்காலத்தில் வேரூன்றிய வழக்கம். ஈராக்கிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் பலவற்றில் பெசாக் விருந்தில் சோறு உண்டு. கோதுமை மணி ஒன்றுகூட கலக்கவில்லை என்று அரிசியை மூன்று முறை பொறுக்கிப் பார்த்த பிறகே உலையில் போடுவார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும்! அமெரிக்காவில் யூதர்களின் கன்சர்வேடிவ் பிரிவைச் சேர்ந்த ரபிக்கள் (யூத மதகுருக்கள்) குழு 2015இல் அஷ்கெனாசிகளும் இவற்றைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது. மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவு அஷ்கெனாசிகள் இதை ஏற்கவில்லை.

அப்புறம், குளிர்பானம் பற்றியும் எழுதியிருக்கலாம். அமெரிக்காவில் கோக்கில் இனிப்புக்குச் சேர்ப்பது மக்காச்சோளப் பாகு. அதனால் பெசாக் சமயத்தில் சர்க்கரை சேர்த்த கோக் மஞ்சள் மூடியோடு கடைக்கு வரும். அட்லாண்டா ரபி டோபியாஸ் ஜெஃபன் 1935இலேயே அந்த நிறுவனத்தோடு பேசி, மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரினை மாற்ற வைத்து, யூத உணவு விதிகளுக்கு ஏற்றது என்னும் கோஷர் அனுமதி கொடுத்தார். அவர் பெயராவது கட்டுரையில் வந்திருக்க வேண்டும்.