உற்சாகமும் கிளர்ச்சியும் ஒன்றா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் போட்டோ பார்த்துச் சிரித்திருப்பீர்கள். பூமிதி நோட்டீஸுக்கு நான் எழுதிக் கொடுத்தது ‘இளைஞர்கள் உற்சாகத்துடன் கலந்துகொள்ளவும்’. அச்சாகி வந்தது ‘கிளர்ச்சியுடன் கலந்துகொள்ளவும்’. மேல்வரியில் ஏற்கெனவே ஓர் உற்சாகம் இருந்ததாம். போனில் தேடினால் இரண்டும் ஒன்று என்று வந்ததாம். நோட்டீஸைக் கவனித்த தம்பி மாற்றிவிட்டார்.

ஒன்று இல்லை, தம்பி. 1988 ஆகஸ்ட் 8-ந் தேதி இதே ரங்கூன் தெருவில் ஆட்சியை எதிர்த்து ஜனம் இறங்கியதே, அதைச் சொல்கிற சொல் அது. இன்னொரு அர்த்தமும் உண்டு. காப்புக் கட்டி விரதம் இருக்கிற வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் அதுவும் வேண்டாம்.

“அர்த்தம் புரிந்தால் போதாதா?” என்றார் ஒருவர். சரி, ஓட்டப்பந்தயக்காரன் ஊக்கமருந்து சாப்பிட்டான் என்பதை உற்சாக பானம் சாப்பிட்டான் என்று எழுதிப் பாருங்கள். மைதானத்தில் இருந்தவனைச் சாராயக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவீர்கள். சுறுசுறுப்பு கை காலில் தெரியும்; உற்சாகம் முகத்தில் தெரியும். புத்துணர்ச்சி என்றால் அதற்கு முன்னால் ஓர் அலுப்பு இருந்திருக்க வேண்டும். ஒன்று இல்லை, ஒன்று இல்லை, எத்தனை தடவை சொல்வது?

தெம்பு இருக்கிறதே, அது வேறு சாதி. சின்ன வயதில் எனக்கு மலேரியா வந்து தணிந்தபோது அம்மா கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கச் சொல்வார். நடந்தால், “தெம்பு வந்துருச்சு”. அதே அம்மா கடைசி வருஷம் பூமிதியன்று எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தார். மேளச் சத்தம் கேட்டதும், “என் மஞ்சள் சேலைய எடு” என்றார். தெம்பு துளியும் இல்லை. உற்சாகத்துக்குக் குறைவில்லை. இதை உங்கள் போன் சொல்லுமா?

மொழி மாறும் என்பீர்கள். மாறட்டுமே, தப்பு வேறு. நானே பர்மிய வார்த்தை கலந்து பேசுகிறவன்தானே என்பீர்கள். ஆமாம், பேசுகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளை தமிழில் நோட்டீஸ் தொடுவதே பெரிது என்று அக்கா ஒருவர் சொன்னார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்குத் தமிழ் படிக்கக் கோயில் மண்டபம்தான் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரே சிலேட்டு, அண்ணன் எழுதி அழித்த பிறகு நான். அப்படிச் சேர்த்த சொற்கள் இவை. “பெரியவருக்கு வேற வேலை இல்ல” என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஏன் அங்கேயே கேட்கவில்லை என்கிறீர்களா? காரணம் ‘ஆனா’ என்கிற பர்மிய குணம். பர்மியத்தில் ‘ஆ’ என்றால் பலம், ‘நா’ என்றால் வலி. அடுத்தவர் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொள்வதற்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர். தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் நோட்டீஸ் எழுத வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.