காரைத் தார்ச்சாலையில் நிறுத்திவிட்டுத் தேரிக்குள் நடந்து வாருங்கள்

எங்கள் ஊர்த் தேரியில் ஒருவர் வண்டி ஓட்டிக் காட்டும், மூன்று நாட்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியை எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பியிருக்கிறார்கள். ‘உங்கள் ஊர் இவ்வளவு அழகா, சொல்லவே இல்லையே’ என்று அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் சிவந்த மணல்மேட்டில் அந்தப் பெரிய வண்டி வட்டமடிப்பதையும், முழங்கால் உயர உடைமரக் கன்றுகள் சக்கரத்தின் அடியில் மடிவதையும் பார்த்த பிறகு, யாருக்கும் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘யாருமே இல்லாத இடம், எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்று காணொளி எடுத்த தம்பி அதில் சொல்கிற வரிதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழியைத் தாண்டினால் தொடங்கும் குதிரைமொழித் தேரி என்ற இந்தச் செம்மணல் மேட்டுப் பரப்புக்கு வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாருங்கள், காரிலேயே வாருங்கள். பேருந்தை நம்பி அங்கு வருவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். காரைத் தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து நடந்து வாருங்கள் என்பது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

அந்த மணலின் சிவப்பு, ஒவ்வொரு மணிமீதும் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு பல்லாயிரம் ஆண்டுகளில் கொடுத்த நிறம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மழையை மலைக்கு அப்பால் விட்டுவிட்டு வறண்டு வந்து, ஆண்டுதோறும் இந்த மேடுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்குகிறது. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளில் கிடைத்த நகக்கண் அளவேயான கற்கருவிகளைப் பற்றித் தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக எழுதினார்கள். அத்தகைய கருவிகள் ஆழத்தில் புதைந்து பத்திரமாகக் கிடப்பவை அல்ல. காற்று மணலை விலக்கும் இடங்களில் மேலேயே கிடப்பவை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அதன்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தொல்லியல் படித்திருக்க வேண்டியதில்லை.

என் ஆச்சி இந்தத் தேரி விளிம்பில் விடிலி என்னும் ஓலைக்குடிசை போட்டுக் கருப்பட்டி காய்ச்சியவர். தாத்தா இறக்கும் பதநீரைத் தலையில் சுமந்து மணலில் நடந்து வரும்போது, வெயில் ஏறிவிட்டால் கையில் வைத்திருக்கும் பனையோலையைக் கீழே போட்டு, அதன்மேல் சற்று நின்று கால் ஆற்றிக்கொண்டு மறுபடி நடப்பாராம். ஆடி மாதக் காற்றில் கஞ்சியில் மணல் விழாத நாளே கிடையாது என்பார். 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதைக் கேட்க ஆச்சி இல்லையே என்று நான் அழுதேன். அந்தக் கால்கள் நடந்த இடத்தைத்தான் ‘யாருமே இல்லாத இடம்’ என்கிறார்கள்.

காற்றடித்தால் சக்கரத்தடம் அழிந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தடம் அழியும், முறிந்த கன்று எழுந்து நிற்குமா? நகரும் மணலை நிறுத்தத்தான் பனையும் உடையும் கொல்லாமரமும் அங்கே வளர்க்கப்பட்டன. வேர் போனால் மணல் மறுபடி தோட்டத்துக்குள் வரும், அந்தத் தோட்டம் காணொளி எடுத்தவருடையதாக இருக்காது.

தேரியில் உள்ள கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வரவில்லையா என்று கேட்கிறார்கள். வருகிறார்கள், நானும் போகிறேன். அவர்கள் அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி, முந்தானையில் முடிந்து, வயலில் தூவுவதற்காக எடுத்துப் போகிறவர்கள். திருவிழா முடிந்த மறுநாள் அங்கே கிடக்கும் நெகிழிப் பைகளை நினைத்தால் எனக்கும் நாணமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அதற்காக மணலில் வண்டி ஓட்டுவதும் சரியாகிவிடாது.

சுற்றுலா வளர்ந்தால் ஊருக்கு வருமானம் வராதா என்ற கேள்விக்கு, நடந்து வருகிறவருக்கும் தாகம் எடுக்கும், அவரும் பதநீர் வாங்குவார் என்பதற்கு மேல் எனக்குப் பதில் இல்லை. ஊர்க்காரருக்குப் பொறாமை என்று எழுதியவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பொறாமைப்படும்படி எங்களிடமிருந்து எதை எடுத்துவிட்டார்கள்?

எங்களுக்கு இது புதிதும் அல்ல. 2007இல் இந்த மணலைத் தோண்டி டைட்டானியம் எடுக்கும் திட்டம் வந்தபோதும், வெறும் தரிசுதானே, கொடுத்தால் என்ன என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை, தேரி குடித்த மழைதான் ஊற்றாக வருவது என்று அன்று சொன்னவர்களும் எங்கள் ஊர்ப் பெண்கள்தாம். கடந்த பொங்கலுக்கு என் காரைக் கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போனேன். சின்னவள் தன் பாதச் சுவடு சிவப்பாக இருப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காருக்குள் இருந்து அதைப் பார்க்க முடியாது.

அந்தக் காணொளியின் கடைசி நிமிடத்தைப் பலர் பார்க்காமல் விட்டிருப்பீர்கள். வண்டி அச்சுவரை புதைந்து நிற்கிறது. இடுப்பில் பனையேறிகளின் அரிவாள்பெட்டி கட்டிய பெரியவர் ஒருவர், வெறுங்காலோடு, தோள் கொடுத்துத் தள்ளுகிறார். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. ‘யாருமே இல்லாத இடம்’ என்ற தலைப்பு அவர் முகத்தின்மேல் ஓடுகிறது.